துர்சுனாய் சொன்ன பெயர்

தாஷ்கண்ட் என்ற ஊர்ப் பெயரைத் துர்சுனாய் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். அவளுக்கு அது கெட்டிப்பட்டணம். முடிச்சாயம் கெட்டிப்பட்டணத்திலிருந்து வருகிறது, திராட்சை வற்றல் கெட்டிப்பட்டணத்தில் மலிவு, கடைத்தெருவில் உருளைக்கிழங்கு விற்கிறவன் தராசில் போடும் கெட்டியில் ஏதோ கள்ளத்தனம் இருக்கிறது. காரணம் வேறொன்றுமில்லை. அவள் வீட்டுக்காரருடைய அண்ணன் பெயர் தாஷ்தான். எங்கள் பேச்சில் தாஷ் என்றால் கல். மருமகளாக வந்தவள் கணவனுக்கு மூத்தவர்களின் பெயரைச் சொல்லக் கூடாது. பெயருக்குள் ஒளிந்திருக்கும் சொல்லையும் சொல்லக் கூடாது. எங்கள் ஊரான கரகோலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை, மலையெல்லாம் கல். அவ்வளவும் துர்சுனாய்க்கு மட்டும் கெட்டி.

இந்த வழக்கத்தை இப்போது பாதி வீடுகளில் காற்றில் விட்டுவிட்டார்கள். துர்சுனாய் விடவில்லை. பயந்துகொண்டு செய்தாள் என்று நினைக்காதீர்கள், அவளுக்கு அதில் ஒரு குறும்பு இருந்தது. கடைத்தெரு ஓரத்தில் ஒற்றை நாற்காலி போட்ட முடிதிருத்தும் கடை அவளுடையது. வேலையில்லாத பெண்கள்கூட அங்கே வந்து உட்கார்ந்து, “அக்கா, உங்க பித்தப்பையில என்ன இருக்குன்னு டாக்டர் சொன்னாரு?” என்று வாயைக் கிண்டுவார்கள். “எங்க வீட்டுக்காரரோட அண்ணன் இருக்காரு,” என்பாள். கடை அதிரச் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவள் வாயில் அந்தப் பெயர் மூன்று முறை வந்திருக்கிறது.

முதல் முறை, தாஷ்தான் புது வீடு கட்டிக் குடிபுகுந்த விருந்தில். குதிரைக்கறி பங்கு போட்டுக்கொண்டிருந்தபோது துர்சுனாய் எழுந்து, “தாஷ்தான், வீடு கட்டத் தெரிஞ்ச உனக்கு ஜன்னல் வைக்கத் தெரியலையே!” என்றாள். பெயரும் சொல்லி, ஒருமையிலும் பேசிவிட்டாள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மரியாதை குறைந்தால் உலகமே குறைந்த மாதிரி. நாக்கு நீண்டுவிட்டது, கடையில் கண்டவர்களோடு பேசிப் பேசிக் கெட்டுவிட்டாள் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வீட்டுக்காரர் குபத் மினிபஸ் ஓட்டுகிறவர், சாதுவான மனிதர். அவர்கூட ரோஷப்பட்டு, மரியாதை படித்துக்கொண்டு வரட்டும் என்று அவளைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார். அங்கேதான் அவளுக்கு ஏதோ ஒன்று தலைக்கு ஏறியது. கத்தரிக்கோல், முடி உலர்த்தி எல்லாவற்றையும் பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களுக்குத் தூக்கிக் கொடுத்தாள். பிறகு ஒரு நாள், குளிர் எலும்பைக் கடிக்கிற மாசத்தில், மேல்கோட்டோடு பக்கத்திலிருந்த பெரிய ஏரிக்குள் இறங்கி நடந்தாள். அக்கரைக்கு நடந்தே போய்விடலாம் என்று அவளுக்குச் சந்தேகமற உறுதியாக இருந்தது. மீன்காரர்கள் இழுத்துப் போட்டார்கள். ஆஸ்பத்திரியில், மனம் ஒரேயடியாக ஏறிப் பிறகு ஒரேயடியாக இறங்குகிற இருதுருவ நோய் என்று பெயர் சொன்னார்கள். அதற்குப் பிறகு பல மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

இரண்டாம் முறையும் பெயர் வந்தது, சண்டை வந்தது, ஏற்றம் வந்தது. அந்தத் தடவை மகள் அய்ஜிரேக் படித்த பள்ளிக்கூட வாசலில் போய் நின்று, வந்த பெண்பிள்ளைகளுக்கெல்லாம் இலவசமாக முடி வெட்டினாள். இடுப்பைத் தாண்டிப் பின்னல் வளர்த்திருந்த பிள்ளைகள். பெற்றவர்கள் வீட்டு வாசலில் வந்து கத்தினார்கள். அய்ஜிரேக் அந்த வருடம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அப்போது மனநல மருத்துவர் குபத்தைக் கூப்பிட்டு விசாரித்தார். தூக்கம் குறைந்தது, பேச்சு கூடியது, கை தாராளமாகிவிட்டது என்று குபத் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்.

“இதெல்லாம் எல்லாரும் சொல்றதுதாங்க. இது உங்க கண்ணுல படும்போது வண்டி பாதி மலை ஏறியிருக்கும். அதுக்கு முன்னாடி உங்க வீட்ல எது மாறுது? ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு இருக்கும். அதைத் தெரிஞ்சுக்கிட்டா, ஆஸ்பத்திரியே வேண்டாம், மாத்திரையைக் கொஞ்சம் மாத்தினாப் போதும்.”

குபத்துக்கு ஒன்றும் தோன்றவில்லை. கதவோரம் கம்பளித் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற தாஷ்தான்தான் தொண்டையைச் செருமினார்.

“டாக்டரம்மா, ரெண்டு தடவையும் முதல்ல வந்தது என் பேருங்க.”

பழைய மனத்தாங்கலைச் சொல்கிறார் என்று குபத் நினைத்து, “அண்ணே, இங்க வந்துமா அது?” என்று கடிந்துகொண்டார். மருத்துவர்தான், “இருங்க, அவரைச் சொல்ல விடுங்க,” என்றார். அன்றைக்குத்தான் வீட்டில் எல்லாருக்கும் உறைத்தது. எச்சரிக்கையாக வந்த ஒன்றைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு, கவனிக்க வேண்டிய நேரத்தில் அவளைத் தண்டித்திருக்கிறார்கள். அதை நினைத்தால் குபத்துக்கு இன்றைக்கும் முகம் கறுத்துவிடும்.

அதன்பின் துர்சுனாய் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாள். வருடங்கள் நல்லபடியாக ஓடின. அய்ஜிரேக் வளர்ந்து கல்யாண வயசுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து அவள் காதில் தோடு போட்டு நிச்சயம் செய்வதாக இருந்தது. மகளுக்குத் தலை அலங்காரம் வேறு யார் கையாலும் நடக்காது, என் கையால்தான் என்று துர்சுனாய் சொல்லி வைத்திருந்தாள். பள்ளிக்கூட வாசலில் நடந்ததற்கு அது ஒரு வகைப் பிராயச்சித்தம். வாய்விட்டுச் சொல்லவில்லை என்றாலும் மகளுக்கும் அது தெரியும்.

அந்த வாரத்தில்தான் தாஷ்தானுக்குச் சிறுநீரகத்தில் கல் எடுத்தார்கள்.

கல்லை ஒரு சின்ன மருந்துப் புட்டியில் போட்டுக் கையில் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அதை எல்லாருக்கும் காட்டுவதில் அவருக்கு மகா பெருமை. விசாரிக்கப் போனவர்கள் எல்லாரும் பால் தேநீரும் பொரித்த மாவுத்துண்டும் ஆப்ரிகாட் ஜாமுமாக விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். துர்சுனாய் இதை எப்படிச் சமாளிக்கப் போகிறாள் என்று எல்லார் கண்ணும் அவள் வாய்மேல் இருந்தது. ஓரகத்தி, தாஷ்தானின் மனைவி, “கேளேன், உங்க மூத்தாருக்கு உள்ளேர்ந்து எதை எடுத்தாங்கன்னு கேளேன்!” என்று இடித்தாள்.

துர்சுனாய் கையை நீட்டினாள். “எங்க, தாஷ்தான் அண்ணே, உங்க கல்லைக் காட்டுங்க பாப்போம்.”

பெயரும் வந்தது, கல்லும் வந்தது. சிரிப்பதற்காகத் திறந்த வாய்கள் அப்படியே நின்றன. குபத்தின் கையிலிருந்த கிண்ணத்திலிருந்து தேநீர் அவர் முழங்காலில் கொட்டியது, அவர் துடைக்கவில்லை. தாஷ்தான் மட்டும் புட்டியை அவள் கையில் வைத்தார். அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “இத்தனூண்டுக்கா இந்த அலறல் அலறினீங்க?” என்று சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் குபத், “ராத்திரி எப்படித் தூங்கினே?” என்றார்.

“நல்லாத்தான் தூங்கினேன்.”

“விடியறதுக்குள்ள எந்திரிச்சு கம்பளம் அலசிட்டு இருந்தியே.”

“ஊர்ல எவதான் இப்ப கம்பளம் அலசல? சம்பந்தி வராங்க. வெயில் வர்ற பக்கமா நான் நாலு வீட்டுக்காரிகளுக்கு முன்னாடி காயப்போட வேண்டாமா?”

“அதுக்கில்ல...”

“எதுக்கில்ல? சொல்லுங்களேன். வாயில வச்சு மெல்லாதீங்க.”

வீட்டில் அய்ஜிரேக் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கை தட்டினாள். “அப்பா, ஒரு மனுஷரை அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதுக்கா இந்தக் கூத்து? அம்மா இத்தனை வருஷம் சொல்லாம இருந்ததுதான் வியாதி!”

அதைக் கேட்டுத் துர்சுனாய்க்கு மனசு குளிர்ந்தது. உண்மையில் அவளுக்கு அந்தப் பெயர் சும்மா வாயில் வந்துவிடவில்லை. அன்று காலையில் கல்லூரிப் பெண் ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து, “அக்கா, தாஷ்கண்ட்டுன்னு சொன்னா வானம் இடிஞ்சு விழுந்துடுமா? நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க?” என்று கேட்டிருந்தாள். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. நாற்பது வயதைத் தாண்டியவள், சொந்தக் கடை வைத்திருக்கிறவள், ஒரு சொல்லுக்காகக் கழைக்கூத்தாடி மாதிரி தாண்டித் தாண்டிப் போவானேன் என்று நினைத்தாள். நினைத்தாள், முடிவு செய்தாள், சொன்னாள். இதில் நோய் எங்கே இருக்கிறது?

ஆனால் கடையில் மறுநாள் வேலை செய்துகொண்டிருக்கும்போது அவளுக்கே ஒரு சந்தேகம் வந்தது. கை அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாகவே அப்படித்தான், கத்தரிக்கோல் விரல்களிலேயே முளைத்த மாதிரி. வந்தவர்கள் எல்லாரும் கண்ணாடியில் தங்களைப் பார்த்து மயங்கிப் போனார்கள். பக்கத்து நூடுல்ஸ் கடையைச் சேர்த்து வாடகைக்குப் பிடித்து மூன்று நாற்காலி போடலாம் என்று ஒரு யோசனை. நல்ல யோசனை. முட்டாள் யோசனை என்று யாரும் சொல்ல முடியாது. கரகோலில் யோசனை இல்லாதவன் யார்? அவனவன் ஏரிக்கரையில் விடுதி கட்டப் போகிறேன் என்கிறான், அவனையெல்லாம் யாரும் ஆஸ்பத்திரிக்கு இழுக்கவில்லை. அப்படியென்றால் இது யோசனைதான். இல்லை, முதல் இரண்டு தடவையும் இப்படித்தான் நல்ல நல்ல காரணங்களாக வந்தன. ஏரியில் இறங்கினதற்குக்கூட அன்று அவளிடம் ஒரு நல்ல காரணம் இருந்தது. அப்படிப் பார்த்தால் நல்ல காரணம் இருப்பதே நோயா? அப்போது இனிமேல் அவள் காரணமில்லாமல்தான் எதையும் செய்ய வேண்டுமா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. இவ்வளவு வேகமாக யோசிப்பதும் ஒரு அறிகுறிதான் என்று எங்கோ கேட்ட நினைவு வந்து, யோசிப்பதை நிறுத்தப் பார்த்தாள். நிறுத்த முடியவில்லை. நாற்காலியில் இருந்த அம்மாள், “என்னம்மா, பாதித் தலையோட நிறுத்திட்டே?” என்றாள்.

யாரைக் கேட்பது? குபத்தைக் கேட்டால் பயம்தான் பதிலாக வரும். மகளைக் கேட்டால் கட்சி கட்டுவாள். கடைசியில் யாரிடம் அவள் நிமிர்ந்து பேசவே கூடாதோ அவரிடம்தான் போனாள்.

தாஷ்தான் முற்றத்தில் வைக்கோல் போருக்குச் சாய்ந்து, இடுப்பில் துணி சுற்றிக்கொண்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தார். துர்சுனாய் ஒருக்களித்து நின்று, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

“மூத்தவரே, அன்னிக்கு நான் சொன்னது உங்க காதுக்கு எப்படிக் கேட்டுச்சு?”

“நல்லாத்தான் கேட்டுச்சு,” என்றார். “என் பொண்டாட்டி இதுவரைக்கும் என் பேரைச் சொன்னதில்ல. ‘ஏய் இந்தா’தான். ஆஸ்பத்திரில அந்த நர்ஸ் பொண்ணு சொல்லுச்சு, அப்புறம் நீ. எனக்கே என் பேர் புதுசா இருந்துச்சு.”

“கோவமா?”

“கோவமெல்லாம் இல்லம்மா. பயம்.”

“நான் வேணும்னு தெரிஞ்சேதான் சொன்னேன். யோசிச்சு, முடிவு பண்ணிச் சொன்னேன்.”

தாஷ்தான் ஒரு வைக்கோலை எடுத்துப் பல்லில் வைத்துக்கொண்டார். “முந்தி ரெண்டு தடவையும் நீ அப்படித்தான் சொன்னே.”

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. “அப்போ நான் சுயபுத்தியோட உங்க பேரைச் சொல்லவே முடியாதா? சொன்னா அது நோய்தானா? நான் எது பேசினாலும் இனி நோய்தான் பேசுதா?”

“சொல்லும்மா. தினம் சொல்லு, என் முகத்தைப் பாத்துச் சொல்லு. நான் என்ன தேய்ஞ்சா போயிடுவேன்?” என்றவர் கொஞ்சம் தயங்கினார். “ஆனா நீ தினம் சொல்ல ஆரம்பிச்சுட்டா, அப்புறம் எங்களுக்கு எது தெரியும்? எங்க வீட்ல இருக்கிறது ஒரே ஒரு எச்சரிக்கை மணி. அதையும் நீதான் வச்சிருக்கே.”

அவள் வெளியே வந்துவிட்டாள். தெருவில் நின்று அழுதாள், ஆத்திரத்தில்தான். ஊரில் மற்ற பெண்கள் ஒரு வழக்கத்தை விட்டால் விட்டதுதான். அவளுக்கு மட்டும் அதை விடுவதற்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். இது எந்த ஊர் நியாயம்? ஆனால் அவர் சொன்னது தப்பு என்றும் அவளால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

குபத்தின் மினிபஸ் அந்தப் பக்கமாக வந்தது. கை காட்டி ஏறிப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை, கண்ணாடி வழியாக ஒரு முறை பார்த்ததோடு சரி. மனநல மருத்துவமனை வாசலில், “இங்க நிறுத்துங்க,” என்றாள். நிறுத்தினார். பின்னால் வந்த வண்டிக்காரன் ஒலி எழுப்பித் திட்டினான், அவள் உள்ளே போகும் வரை குபத் வண்டியை எடுக்கவில்லை.

மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டார். கடை, கல்லூரிப் பெண், கம்பளம், மூன்று நாற்காலி. ரத்தம் எடுக்கச் சொன்னார்.

“சொல்லுங்க டாக்டர். இது அதுவா, நானா?”

“இன்னிக்கு எனக்கும் தெரியலம்மா.”

“படிச்ச நீங்களே இப்படிச் சொன்னா?”

“உள்ளதைத்தானே சொல்றேன். மாத்திரையைக் கொஞ்ச நாளைக்குக் கூட்டிப் பாப்போம். அடிக்கடி வந்து ரத்தம் குடுங்க. நான் தப்பா நினைச்சிருந்தா, கொஞ்சம் கை நடுங்கும், தாகமா இருக்கும், மந்தமா இருக்கும், அவ்வளவுதான். நீங்க தப்பா நினைச்சிருந்தா...” அவர் முடிக்கவில்லை. ஏரி இரண்டு பேருக்கும் தெரியும்.

“கை நடுங்குமா? ஞாயித்துக்கிழமை எம்பொண்ணுக்குத் தலை பின்னணும்.”

மருத்துவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சாப்பிடு என்று கட்டாயப்படுத்தவும் இல்லை. அதுதான் துர்சுனாய்க்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. யாராவது கையைப் பிடித்து இழுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இங்கே சண்டைக்கு ஆளில்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு போய் அன்றைக்கே விழுங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அய்ஜிரேக் கடை நாற்காலியில் உட்கார்ந்தாள். துர்சுனாய் சீப்பை எடுத்தாள். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. வகிடு கோணிக்கொண்டு போனது. அழித்து மறுபடி எடுத்தாள், மறுபடியும் கோணியது. நாலாகப் பிரித்த முடியில் ஒரு பிரி நழுவிக்கொண்டே இருந்தது. போன வாரம் இதே கை என்ன ஓட்டம் ஓடியது என்று நினைத்தாள். அந்தக் கை தன்னுடையதா, நோயினுடையதா என்பதும் தெரியவில்லை. நோயினுடையது என்றாலும் அது இல்லாமல் ஏக்கமாகத்தான் இருந்தது.

அய்ஜிரேக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். “ஆஸ்பத்திரிக்கு அப்பா கூட்டிட்டுப் போனாரா?”

“இல்ல. நானேதான் போனேன்.”

“அப்போ அது நோய்னு ஒத்துக்கிட்டியா? அந்தப் பேரைச் சொன்னது நோய்னு?”

“ஒத்துக்கல.”

“அப்புறம் எதுக்குப் போனே? எங்களுக்குப் பயந்தா? உன் மேல தப்பே இல்லைன்னு நான் சொன்னேன்ல? இன்னிக்குப் பாரு, உன் கை... நீ எவ்வளவு ஆசைப்பட்டே!” அவள் குரல் உடைந்துவிட்டது.

துர்சுனாய் சீப்பை வைத்துவிட்டு நாற்காலியைத் தன் பக்கம் திருப்பினாள்.

“நோயா இல்லையான்னு எனக்குத் தெரியல. இப்பவும் தெரியல. தெரிஞ்ச பிறகு போகலாம்னு இருந்தா அது நடக்காதும்மா. அன்னிக்கு ஏரில இறங்கினப்போ எனக்குச் சந்தேகமே இல்ல. உன் பள்ளிக்கூட வாசல்ல நின்னப்பவும் இல்ல. இப்ப சந்தேகமா இருக்கு, தலை வெடிக்கிற மாதிரி இருக்கு. அதனாலதான் போனேன். சந்தேகம் இருக்கிற வரைக்கும்தான் நான் போக முடியும்.”

அய்ஜிரேக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒரு நாள் நான் வந்து, எனக்கு எல்லாம் தெளிவா இருக்கு, சந்தேகமே இல்லைன்னு சொல்வேன். அன்னிக்கு என்கிட்ட எதுவும் கேக்காதே. உங்க அப்பாகிட்டச் சொல்லித் தூக்கிட்டுப் போயிடு.”

“நீ திட்டுவியே.”

“திட்டுவேன். அசிங்கமாத் திட்டுவேன். என் கட்சியா இருந்தவதானேடி நீன்னு கேப்பேன். உனக்குத் தாங்காது. ஆனா அன்னிக்குப் பேசறவ பேச்சைக் கேக்காதே. இன்னிக்குச் சொல்றதைக் கேளு.”

அய்ஜிரேக் நாற்காலியைத் தானே கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையைப் பின்னால் கொண்டுவந்து, நழுவுகிற பிரியைப் பிடித்துக்கொண்டாள். மற்ற மூன்றையும் துர்சுனாய் பின்ன ஆரம்பித்தாள்.